விளையாட்டு மணியும் வீங்கிய முழங்காலும்

மாலையில் விளையாட்டு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் வேப்ப மரத்தடியில் மற்றவர்களின் புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். காரைக்குடியானாலும் சரி, தேவகோட்டையானாலும் சரி, இப்படி ஒரு குழந்தையை நாம் பார்த்திருப்போம். செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்று நினைத்து நகர்ந்தும் இருப்போம். அவளுக்கு மூட்டு வாதம் இருக்கலாம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

வாதம் என்றால் வயோதிகர்களுக்கு வருவது என்பதுதான் நம் ஊர் எண்ணம். "பச்சைப் பிள்ளைக்கு ஏது வாதம்? வளர்கிற வலி" என்று சொல்லி அப்பத்தா தைலம் தேய்த்துவிடுவார்கள். ஆனால் குழந்தைகளுக்கும் நாட்பட்ட மூட்டு நோய் உண்டென்று லண்டன் டாக்டர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டில் 1897-லேயே விரிவாக எழுதிவிட்டார். 16 வயதுக்கு முன் தொடங்கி, வேறு காரணம் புலப்படாமல், 6 வாரத்துக்குக் குறையாமல் நீடிக்கும் மூட்டு வீக்கத்தை இன்று இந்த வகையில் சேர்க்கிறார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. காலையில் எழுந்ததும் கால் மடங்காது. நேரம் ஏற ஏற விறைப்பு தளர்ந்துவிடும். எட்டு மணிக்கு நொண்டிய பிள்ளை பதினோரு மணிக்கு நன்றாக நடந்தால், பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறது என்ற பட்டம் கிடைக்காமல் என்ன செய்யும்?

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வருவது இரண்டாவது கஷ்டம். "ஆடாதே, ஓடாதே, பேசாமல் உட்கார்" என்று வீடே காவல் போட்டுவிடுகிறது. ஒரு காலத்தில் டாக்டர்களும் ஓய்வைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். இப்போது அப்படியல்ல. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளும், 1999 முதல் வந்த புதுவகை ஊசிகளும் வீக்கத்தை அடக்குகின்றன. அடங்கிய பின்னும் குழந்தையைக் கட்டிப்போட்டால் தசை மெலியும், எலும்பு வலுவிழக்கும், மூட்டு மடங்கியபடியே இறுகும். 2008-ல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சியால் நோய் அதிகரித்ததாக அவற்றில் தெரியவில்லை. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷம் உடல் அசைய வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, ஊனமுள்ள குழந்தைகளையும் சேர்த்தே சொன்னது.

சரி, என்ன விளையாடுவது? இதற்குச் சீமையைத் தேடிப் போகவேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டின் வளவே நல்ல பயிற்சிக்கூடம். பல்லாங்குழியில் சோழி அள்ளிப் போடுவதைப் போல விரல்களுக்கு இதமான பயிற்சி வேறென்ன? கும்மி, கோலாட்டம் இரண்டும் தாளத்துக்கு அசைபவை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பாண்டி ஆட்டம்தான் சற்றுச் சிக்கல். ஒற்றைக் காலில் தாவுவது வீங்கிய முழங்காலுக்கு ஆகாது. நோய் அடங்கியிருக்கும் நாளில் அதையும் டாக்டரைக் கேட்டு ஆடலாம். நீச்சல் மிக உத்தமம், ஏனெனில் நீர் உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஊருணியில் இறக்குவதானால் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இறங்க வேண்டும். சைக்கிளும் நல்லதே. அரசாங்கம் தரும் விலையில்லாச் சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது என்பது எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரிய ஆறுதல் அல்ல! தைப்பூசத்துக்குப் பழனி புறப்படும் நகரத்தார் காவடியோடு தானும் நடக்க வேண்டுமென்று அந்தப் பிள்ளை ஆசைப்பட்டால், முழு வழியும் வேண்டாம். முதல் இரண்டு பர்லாங் நடக்கட்டுமே.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, படிப்போடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளிகள் தரவேண்டும் என்கிறது. ஆனால் அதற்கு முதலில் நோய் கண்ணில் பட வேண்டும் அல்லவா? 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்கு வந்து பரிசோதிக்கும் குழுவினருக்கு 30 குறைபாடுகள் கொண்ட ஒரு பட்டியல் தரப்பட்டது. வாதக் காய்ச்சலால் வரும் இருதய நோய் அதில் உண்டு. இந்த மூட்டு வாதம் பெயர் சொல்லி இல்லை. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஆயினும் குழந்தை வாத நோய்க்கென்றே பயின்ற நிபுணர்கள் பெரிய நகரங்களில்தான் கிடைக்கிறார்கள். இந்நோய் சில குழந்தைகளுக்கு வலியோ சிவப்போ காட்டாமல் கண்ணையும் கெடுக்கும். ஆகவே கண் டாக்டரிடமும் தவணை தவறாமல் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் சீர்செய்ய இயலாது. செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. "விளையாட்டிலிருந்து விலக்கு அளிக்கவும்" என்று ஒற்றை வரியில் சீட்டு வாங்கிக் கொடுப்பதை நிறுத்தலாம். எதைச் செய்யலாம், வீக்கமுள்ள நாளில் எதை விடவேண்டும், எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் மூன்று வரி எழுதி வாங்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்தச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் பெற்றோர்; படித்துப் பார்க்க வேண்டியவர் தேகப்பயிற்சி ஆசிரியர். புத்தகப் பைக்கு வேறு யாராவது காவல் இருக்கட்டும்.