சட்டம் இருக்கிறது, வாய் திறப்பது யார்?

சிம்பாங் அம்பாட்: சிறார்களைச் சீரழிப்பவர்களுக்கு எதிராகப் பினாங்கு மாநிலமே ஒரு கடுமையான சட்டம் கொண்டு வரலாமே என்று நம்மில் சிலர் கேட்கலாம். குற்றவியல் சட்டம் கூட்டரசின் அதிகாரம். அதை நாடாளுமன்றம்தான் இயற்ற முடியும். அப்படி இயற்றிய சட்டம் ஏற்கெனவே நடப்பில் உள்ளது.

மலேசியாவில் ஏழைப் பிள்ளைகளைச் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கல் எனும் பிரிட்டிஷ்காரனுக்கு, 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. நாட்டையே உலுக்கிய அந்த வழக்குக்குப் பிறகு பிறந்ததுதான் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017. அது அவ்வாண்டு ஜூலை 10ஆம் தேதி அமலுக்கு வந்தது.

18 வயதுக்குட்பட்ட அனைவரும் இதில் சிறார்களே. தவறான எண்ணத்தோடு பிள்ளையைத் தொட்டால் 20 ஆண்டுகள் வரை சிறை, பிரம்படி. கைப்பேசியில் ஆசை வார்த்தை பேசி வளைக்கப் பார்த்தாலே 5 ஆண்டுகள் வரை சிறை, பிரம்படி. குற்றம் செய்தவர் பெற்றோர், உறவினர், ஆசிரியர், பயிற்றுநர் என நம்பிக்கைக்குரியவராக இருந்தால் கூடுதலாக 5 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டுமே வைத்தும் தண்டிக்கலாம். படத்தைக் காட்டி மிரட்டுவதும் 2023 திருத்தத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது.

ஆனால், நம்மவர்கள் அறிய வேண்டியது 19ஆவது பிரிவு. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். தோட்டத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "மானம் போய்விடும், பிள்ளைக்கு நாளை கல்யாணம் ஆக வேண்டும்" என்று மூடி மறைப்பது இனி சமரசம் அல்ல, குற்றம். மானம் போக வேண்டியது செய்தவனுக்கு; பிள்ளைக்கு அல்ல.

தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. பத்து காவான் தொழிற்சாலைகளில் அப்பா ஒரு ஷிப்டு, அம்மா ஒரு ஷிப்டு. பிள்ளை அண்டை வீட்டிலோ கைப்பேசியோடோ இருக்கிறது. அது திடீரென ஒருவரைக் கண்டு பயந்தால், "பெரியவங்களை அப்படிச் சொல்லாதே" என்று அதட்டாமல் கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் தாலியான் காசே 15999 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். சட்டம் எத்தனை கடுமையாக இருந்தாலும், முதல் புகார் வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.