நிழலுக்காக எழுத்தைப் பலியிடாதீர்

மலையகத்தில் விழா மலர்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் குடமுழுக்கா, பாடசாலை ஆண்டு நிறைவா, மறைந்த ஆசிரியருக்கு நினைவஞ்சலியா, உடனே ஒரு மலர் வந்துவிடும். மலையகத் தமிழரின் இருநூறாண்டு 2023இல் நினைவுகூரப்பட்டபோதும் நூல்களும் மலர்களும் வெளிவந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றின் மூலக் கோப்புகள் யாரிடம் உள்ளன? உள்ளவற்றிலேனும் எழுத்து எழுத்தாக இருக்கிறதா?

லிந்துலையில் ஒரு தோட்டப் பாடசாலை மலர் தயாராகிறது என்று கொள்வோம். பக்கங்களை அமைப்பவர் தலவாக்கலையிலோ ஹட்டனிலோ இருக்கிறார். அச்சு கொழும்பில். தேயிலை மலையின் படம் மங்கலாகப் பின்னணியில் நிற்கிறது, தலைப்புக்கு நிழல், அதிபரின் ஆசியுரைமீது மெல்லிய பனிப்படலம். திரையில் ஒன்றின் வழியே மற்றொன்று தெரிகிறது. அச்சகத்திலிருந்து கட்டளை வருகிறது: "எல்லாவற்றையும் ஃபிளாட்டன் செய்து அனுப்புங்கள்."

தட்டையாக்கல் எனலாம் இதனை. 1980களில் பிறந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழிக்கு ஊடுதெரிதல் தெரியாது. மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும், அவ்வளவே. ஆகவே அடுக்குகள் மேற்படியும் இடங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கலந்த நிறத்தைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே தளமாக்கித் தரவேண்டியதாயிற்று. அக்காலத்துக்கு அது நியாயமான தேவைதான்.

அதற்குத் தமிழ் கொடுக்கும் விலை என்ன? பனிப்படலத்தின் அடியில் அகப்பட்ட எழுத்து வெறும் கோட்டுருவமாகவோ புள்ளிப்படமாகவோ மாறுகிறது. ஒரே வரியில் பாதி எழுத்தாகவும் பாதி கோட்டுருவமாகவும் நின்றால், ஒரு பாதி தடித்தும் மறுபாதி மெலிந்தும் அச்சாகலாம். தெளிவு குறைந்த படமானால் ணகரத்தின் சுழிகள் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி கரையும். பாடசாலை மலரில் 'கல்வி' என்ற சொல் புள்ளியை இழந்தால் என்னவாகும் என்பதைத் தமிழறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அச்சுப்பிழையையாவது ஒரு திருத்தத்தாள் ஒட்டிச் சரிசெய்யலாம். அடுத்த இழப்புக்கு மருந்தில்லை. இலங்கையில் பலரும் தட்டச்சிட்ட பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் பாமினியில் அடித்ததை இன்றும் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். கோட்டுருவமாக்கப்பட்ட எழுத்தை மாற்றவியலாது. கணினிக்கு அது எழுத்தே அன்று, வளைந்த கோடு. அதில் ஓர் ஆசிரியரின் பெயரைத் தேட முடியாது. ஒரு தோட்டத்தின் பெயரைப் பிரதியெடுக்க முடியாது. படத்திலிருந்து எழுத்தறியும் மென்பொருளிடம் கொடுத்துப் பிழை பொறுக்க வேண்டும். இல்லையேல் முழுவதையும் மீண்டும் தட்டச்சிட வேண்டும்.

"எங்கள் இயந்திரம் பழையது, தட்டையாக்காவிட்டால் நிழலிருந்த இடத்தில் வெள்ளைப் பெட்டி விழுகிறது" என்பார் அச்சகத்தார். இருக்கலாம். அவ்வாறாயின் அச்சுக்கென ஒரு பிரதியைத் தட்டையாக்குங்கள். மூலத்தை ஏன் அழிக்கிறீர்கள்? தட்டையாக்கல் அச்சகத்தின் கடைசிப் படியில் நடக்கவேண்டிய வேலை. அதை வடிவமைப்பாளரின் மேசையில் முதற்படியாகச் செய்து, அந்தக் கோப்பையே மூலமென்று சேமித்து வைப்பது சோம்பலன்றி வேறென்ன?

இந்தக் கட்டளைக்குக் காலமும் கடந்துவிட்டது. 2001இல் வந்த பி.டி.எஃப். 1.4 பதிப்பே ஊடுதெரிதலை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் வந்த பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ என்ற அச்சுத்தரம் அதனை மறுத்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நம்மவர் பலர் இன்றும் நிற்கின்றனர். அடுக்குகளைத் தட்டையாக்காமலே கையாளும் அச்சுப்பொறி மென்பொருளை அடோபி நிறுவனம் 2006இல் வெளியிட்டது. ஊடுதெரிதலை அனுமதிக்கும் பி.டி.எஃப்./எக்ஸ்-4 தரம் 2008இல் வந்தது. அதற்குப் பிறகும் எல்லோரிடமும் தட்டையாக்கச் சொல்லும் அச்சகம் தன் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது.

வடிவமைப்பாளரும் தப்ப முடியாது. எழுத்தை எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் வையுங்கள். பனிப்படலத்தைக் கீழே தள்ளுங்கள். தட்டையாக்கியே தீரவேண்டுமெனில் உயர்தெளிவு அமைப்பைத் தெரிவுசெய்து, ஒரு பக்கத்தைத் தாளில் அடித்துப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். மலர்க்குழுவினரே, கூலியைக் கொடுக்குமுன் தட்டையாக்காத மூலக் கோப்பையும் தட்டச்சுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

ஒரு மலருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்நாட்டில் பிறந்தோரிடமும் தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்ட லயங்களில் வாழ்ந்தோரிற் பெரும்பாலோரால் அதைக் காட்ட முடியவில்லை, நாடற்றவராயினர். எழுத்தில் இல்லாமற்போவதன் விலையை நம்மைவிட அறிந்தவர் யார்? லிந்துலையின் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் முதன்முதலாக அச்சேறும் இடம் பெரும்பாலும் இந்த மலர்கள்தாம். ஒரு நிழலின் அழகுக்காக அந்தப் பெயர்களை வளைந்த கோடுகளாக்கிவிட நமக்கு உரிமை இல்லை.