அதிகாரமற்ற மாமன்றமும் வாக்களிக்காத மாநகரமும்

ஹைதராபாத்தில் எந்தத் தேர்தல் முடிந்தாலும் மறுநாள் முதலாளித்துவ ஏடுகளில் ஒரே புலம்பல்தான். படித்தவர்கள் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை, நகரவாசிக்குக் குடிமை உணர்வே இல்லை என்று பழி முழுவதும் வாக்காளர் தலையில் விழுகிறது. பெருநகர ஹைதராபாத் மாநகராட்சித் தேர்தலில் 2016இல் ஏறத்தாழ 45 சதவீதம் பேரும், 2020 டிசம்பரில் 46 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோரும் மட்டுமே வாக்களித்தனர் என்பது உண்மை. பிழைப்புத் தேடி வந்தவர்களின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருப்பதும், வீடு மாறியவர்களின் பெயர் பழைய முகவரியிலேயே கிடப்பதும் இதில் ஒரு பகுதியை விளக்கும். மறுபகுதியைப் பற்றி இந்த ஏடுகள் வாய் திறப்பதில்லை. வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதால் ஒரு தொழிலாளியின் தெருவில் என்ன மாறுகிறது?

குடிநீரும் கழிவுநீரும் 1989 முதல் மாநில அரசின் தனி வாரியத்திடம் உள்ளன. நகரத் திட்டமிடலின் பெரும்பகுதி 2008இல் அமைக்கப்பட்ட பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம். ஏரி ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் இடிப்பதற்கு 2024இல் ‘ஹைட்ரா’ என்ற இன்னொரு அமைப்பு. நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். ஆணையரின் கையில். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை அடுக்கிக் காட்டியது. அட்டவணை ஏட்டில் இருக்கிறது, அதிகாரம் தலைமைச் செயலகத்தில் இருக்கிறது.

மாமன்றமே இல்லாத காலமும் குறைவல்ல. 1986இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்தபின் 2002 வரை ஹைதராபாத்தை ஆண்டவர்கள் தனி அலுவலர்கள். சுற்றியிருந்த நகராட்சிகளை விழுங்கி 2007 ஏப்ரலில் பெருநகர மாநகராட்சி உருவானது. அதற்குத் தேர்தல் வந்ததோ 2009 நவம்பரில். தேர்ந்தெடுக்கப்பட்ட 150 பேரும்கூட மேயரைத் தாமாக முடிவு செய்ய இயலாது. சட்டமன்ற, மேலவை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பதவிவழி உறுப்பினர்களாக வந்து வாக்களிக்கிறார்கள்.

இப்படிக் காலியாக்கப்பட்ட களத்தில்தான் மதவெறி பயிரிடப்பட்டது. 2020 அக்டோபர் வெள்ளத்தில் நகரத்தின் தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின. ஏரிகளையும் நீர்வழிகளையும் அடைத்தவர்கள் யார், மழைநீர் வடிகால் ஏன் இல்லை என்பதே தேர்தலின் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். மாநில அரசு குடும்பத்துக்கு 10,000 ரூபாய் என்றது. தேர்தல் ஆணையம் நடுவில் அதை நிறுத்தியது. பாஜக 25,000 தருவதாக ஏலத்தை உயர்த்தியது. பிறகு அமித் ஷா, நட்டா, ஆதித்யநாத் என்று ஒரு பெரும்படையே மாநகராட்சித் தேர்தலுக்கு இறங்கியது. பெயரைப் ‘பாக்யநகர்’ என மாற்றுவோம் என்றார் ஆதித்யநாத். பழைய நகரத்தின் மீது ‘சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ என்றார் மாநிலத் தலைவர் பண்டி சஞ்சய். வடிகால் மறைந்துவிட்டது.

முடிவுகளை ஊன்றிப் பார்க்க வேண்டும். பாஜக 4 இடங்களிலிருந்து 48க்குத் தாவியது. ஆனால் வாக்குப்பதிவு ஒரு சதவீத அளவுக்கே உயர்ந்தது. புதிய வாக்காளர் அலை எதுவும் எழவில்லை. 2009இல் காங்கிரசும் தெலுங்கு தேசமும் சேர்ந்து 97 இடங்களை வைத்திருந்தன. 2016இல் அந்தத் தளத்தைத் தெலங்கானா ராஷ்டிர சமிதி அள்ளி 99 இடங்களைப் பிடித்தது. 2020இல் அது 56க்குச் சரிந்தது, காங்கிரசுக்கு 2, தெலுங்கு தேசத்துக்கு எதுவுமில்லை. மஜ்லிஸ் கட்சியோ 43, 44, 44 என்று மூன்று தேர்தல்களிலும் அசையவில்லை. கொள்கை ஏதுமற்ற முதலாளித்துவக் கட்சிகள் பிடித்து வைத்திருந்த வாக்குத்தளத்தின் பெரும்பகுதியை மதவாதம் கைப்பற்றிக்கொண்டது என்பதே இதன் பொருள். 2021 பிப்ரவரியில் மஜ்லிஸ் ஆதரவோடு டிஆர்எஸ் மேயர் பதவியைப் பெற்றது.

இடதுசாரிகளுக்கு ஓரிடமும் இல்லை. பழைய மலக்பேட்டை வார்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளருக்கு மார்க்சிஸ்ட் கட்சியின் சின்னத்தை அச்சிட்டுவிட்டு, பின்னர் மறுவாக்குப்பதிவு நடத்தினார்கள். எந்த அரிவாள் எவருடையது என்றுகூட நிர்வாகத்துக்குத் தெரியவில்லை என்று சிரித்துவிட்டுப் போகலாம்; தெருவில் நம் சின்னம் எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதையும் அது காட்டுகிறது.

தமிழகத் தோழர்களுக்கு இது அயலூர்க் கதை அல்ல. சென்னையில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 பிப்ரவரித் தேர்தலில் வாக்களித்தோர் 43.59 சதவீதம், ஹைதராபாத்தையும் விடக் குறைவு. 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ராம்கி குழுமத்துக்குக் கைமாறியது. எதிர்த்த தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாயிலில் இரவு பகலாக அமர்ந்தனர். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஹைதராபாத்தின் ஜவஹர் நகர் குப்பைக் கிடங்கை நடத்துவதும் இதே குழுமம்தான். மூலதனம் இரு மாநகரங்களையும் ஒரே சந்தையாகப் பார்க்கிறது.

2025 இறுதியில் தெலங்கானா காங்கிரஸ் அரசு மேலும் 27 நகர உள்ளாட்சிகளை ஹைதராபாத்தோடு இணைத்து வார்டுகளை 300 ஆக்கியது. முடிவெடுத்தது அமைச்சரவை, அந்த ஊர்களின் மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. குடிநீர் வாரியத்தை மாமன்றத்தின் கீழ் கொண்டுவா, பதவிவழி உறுப்பினர்களின் வாக்குரிமையை நீக்கு, தூய்மைப் பணியாளரை நிரந்தரமாக்கு என்ற முழக்கங்களை அந்த 300 வார்டுகளிலும், சென்னையின் 200 வார்டுகளிலும் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே கொண்டுசெல்ல வேண்டும்.