தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே மார்க்கா?



விதை, உரம், ஆள், தண்ணி இவ்வளவு போட்டு இவ்வளவு மூட்டைதானா என்று நமக்கு மார்க் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. 'டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்' என்று பெயர். 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் வகுத்தது. குறைச்சலாகப் போட்டு நிறைய எடுத்தவருக்கு 1. மற்றவரை அவரோடு ஒப்பிட்டு இறக்குவார்கள். 0.7 வாங்கினால், போட்டதில் நூற்றுக்கு 30 வீண் என்று அர்த்தமாம்!

கணக்கைக் குறை சொல்லவில்லை. ஒரே மண், ஒரே தண்ணி உள்ளவர்களை ஒப்பிட்டால் நமக்கே உபயோகம். ஆனால் மேட்டூர் தண்ணி கீழணை வந்து, வடவாறு வழியா வீராணம் ரொம்பி, அதற்கப்புறம்தானே சிதம்பரம் பக்கத்துக் கடைமடையை எட்டிப் பார்க்கிறது? மழை வந்தாலோ ஊர்த் தண்ணியெல்லாம் நம்ம வயலில்தான். 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் வெள்ளம். இந்தக் கணக்கில் இயற்கை அடித்த நஷ்டத்துக்குத் தனி இடம் கிடையாது. புயல் தின்றதும் நம்ம திறமைக் குறைவாகவே விழும்!

கணக்கெடுக்க வருகிறவரிடம் சொல்லுங்கள்: வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணி வந்தது, வயலில் எத்தனை நாள் வெள்ளம் நின்றது, இரண்டையும் எழுதட்டும். கடைமடையைக் கடைமடையோடு ஒப்பிடட்டும். அது இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.