எட்டுக் கிலோபிட் சிக்கனம்

மைசூரில் எங்கள் துறையின் பழைய தொலைபேசிகளை அண்மையில் இணையவழிக் குரல் கேட்வேயுடன் இணைத்தனர். மேசைக் கருவிகள் எஃப்எக்ஸ்எஸ் முனைகளில், வெளியிணைப்புக் கம்பி எஃப்எக்ஸ்ஓ முனையில். (இரண்டையும் முதலில் மாற்றிச் செருகி அரைநாள் கழிந்தது தனிக்கதை.) அழைப்புகள் யாவும் வளாக வலைவழியே மையச் சர்வருக்குச் செல்கின்றன. அதற்கு ஜி.729 கோடெக்கைத் தேர்ந்ததைத்தான் நான் மறுக்கிறேன்.

ஜி.711 நொடிக்கு 64 கிலோபிட் கொள்ளும், ஜி.729 வெறும் 8. பின்னது பேச்சின் அலைவடிவத்தை அப்படியே அனுப்புவதில்லை; குரல்பாதையின் மாதிரியாகச் சுருக்கி, மறுமுனையில் புதிதாக உருவாக்குகிறது. செய்தி சொல்ல அது போதும். ஆனால் நாங்கள் பிலிகிரிரங்கன் மலையிலுள்ள சோலிக மொழிப் பேச்சாளரிடம் தொலைபேசியில் சொற்களைச் சரிபார்ப்பவர்கள். தொலைபேசி 3400 ஹெர்ட்சுக்கு மேற்பட்டதை வெட்டுவதால் ஸகர ஷகர வேறுபாடு ஏற்கெனவே மங்கலாகத்தான் கேட்கிறது. எஞ்சியிருப்பதையும் ஏன் சிதைக்க வேண்டும்?

ஜி.711 அழைப்பொன்று, பொதித் தலைப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ 90 கிலோபிட். 100 மெகாபிட் வளாக வலைக்கு இது ஒரு சுமையா? கேட்வேயிலும் சர்வரிலும் கோடெக் முன்னுரிமையை மாற்றினால் போதும். எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன், உடன் கையொப்பமிட விரும்பும் நண்பர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்.