எடமலைப்பட்டி புதூர் தெருக்களையும் தரையடிக் குழாய்களையும் ஒரே திட்டமாகச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தார்,
எடமலைப்பட்டி புதூர்,
திருச்சிராப்பள்ளி – 620 012.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாநகராட்சி,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: எடமலைப்பட்டி புதூர் பகுதித் தெருக்களில் குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால், மின்கம்பி ஆகியவற்றைப் புதுப்பிக்கும் பணிகளையும் சாலை அமைக்கும் பணியையும் தனித்தனி மதிப்பீடுகளாகப் பிரிக்காமல் ஒருங்கிணைந்த ஒரே திட்டமாக வகுத்து நிறைவேற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

புதுச் சாலை கேட்டு வரும் மனுக்கள் தங்கள் அலுவலகத்தில் நிறைய இருக்கும். இந்த மனு அதற்கு முந்தைய வேலையைக் கேட்கிறது. தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது, எது மாற வேண்டும், எது எந்த ஆழத்தில் போக வேண்டும் என்று முடிவு செய்து, ஒரே முறை தோண்டி, எல்லாவற்றையும் பதித்து முடித்த பிறகு சாலை போடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அதுவரை தார் ஊற்ற வேண்டாம் என்று சொல்லவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

கிராப்பட்டிக்கும் பஞ்சப்பூருக்கும் இடையில் மதுரைச் சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் ஊரின் நிலைமை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறந்து வைக்கப்பட்டு, ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. நகரின் இந்தத் தென்முனை இனி புறநகர் அல்ல. வீடுகள் மாடிகளாகின்றன, வாடகைக்குக் குடிவருவோர் கூடுகின்றனர், கடைகள் பெருகுகின்றன. ஆனால் தரைக்கு அடியில் உள்ள ஏற்பாடு பழைய மக்கள்தொகைக்கு மட்டுமே போதுமானது. மேலே எத்தனை முறை சாலை போட்டாலும் அடியில் உள்ளது பழையதாகவே இருக்கும் வரை அந்தச் சாலை மறுபடி உடைபடத்தான் செய்யும்.

இப்போது நடக்கும் முறையில் ஒருவர் மூடிய பள்ளத்தை அடுத்தவர் திறக்கிறார். குழாய் உடைந்தால் ஒரு தோண்டல், கேபிள் போட ஒரு தோண்டல், புது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க இன்னொரு தோண்டல். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓர் ஒட்டுவேலை. அந்த ஒட்டு ஒரு மழையில் உள்வாங்குகிறது. இருட்டில் இருசக்கர வாகனத்தில் வருபவர் விழுகிறார். இதில் எந்தத் துறையின் பெயரையும் சொல்லிக் குறைகூறுவது எங்கள் நோக்கமல்ல. தெரு ஒன்றுதான், ஆனால் அதற்கு மதிப்பீடு போடும் மேசைகள் பல என்பதிலிருந்துதான் இது வருகிறது.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது குடிநீரும் கழிவுநீரும் அருகருகே ஓடுவது. 2025 ஏப்ரலில் உறையூரில் குடிநீரில் கழிவுநீர் கலந்ததாகப் புகார் எழுந்ததையும் அதைத் தொடர்ந்த துயரத்தையும் இந்த மாநகரம் மறந்திருக்காது. அங்கே காரணம் எது என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் அப்படி ஒன்று நடப்பதற்கான வழி எங்கள் தெருக்களிலும் திறந்தே கிடக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு, வாசலை ஒட்டிய திறந்த சாக்கடையைக் கடந்துதான் உள்ளே வருகிறது. சில இடங்களில் குழாய் சாக்கடை நீருக்குள்ளேயே கிடக்கிறது. தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. குறிப்பிட்ட நேரத்தில் திறந்து பிறகு அடைக்கிறார்கள். அடைத்தவுடன் குழாயில் அழுத்தம் குறைகிறது. இணைப்பில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் வெளியில் தேங்கியிருப்பதை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டில் மோட்டார் போட்டு நேராகக் குழாயிலிருந்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். அதைச் செய்பவர்களில் எங்கள் உறுப்பினர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. அதைத் தடுக்க மாநகராட்சி எடுக்கும் நடவடிக்கைக்கு நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம்.

குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்துள்ள விதிமுறை. 3 மீட்டர் என்பது ஏறத்தாழ 10 அடி. எங்கள் குறுக்குத் தெருக்கள் சிலவற்றில் இரு பக்கத்துக்குமான அகலமே அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடங்களுக்கும் அதே விதிமுறை வழி சொல்கிறது: குடிநீர்க் குழாயின் அடிப்பாகம் கழிவுநீர்க் குழாயின் மேற்பாகத்தைவிடக் குறைந்தது அரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஒரு மாதிரிப் படம் போதாது. ஒவ்வொரு தெருவுக்கும் அதன் உண்மையான அகலத்தில் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்று வேண்டும். கழிவுநீர் எந்தப் பக்கம், குடிநீர் எந்தப் பக்கம், எந்த ஆழம், மழைநீர் வடிகால் எங்கே, மின்கம்பியும் இணையக் கேபிளும் எங்கே என்று அதில் தெரிய வேண்டும். நகர்ப்புறச் சாலைகளின் அடியில் இவற்றுக்கு இடம் ஒதுக்குவது குறித்து இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 98 என்ற வழிகாட்டி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆக, புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

அந்த வரைபடம் வருவதற்கு முன்னால், இப்போது அடியில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஏட்டில் இருக்கும் வரைபடமும் மண்ணில் இருக்கும் குழாயும் ஒத்துப்போகும் என்று நம்பி ஜேசிபியை இறக்கினால் முதல் நாளே குடிநீர் போய்விடும். தெருவுக்கு இரண்டு மூன்று இடங்களில் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். வால்வு திறக்கும் ஊழியர்களுக்கும் பழைய பிட்டர்களுக்கும் தெரிந்தது எந்தக் கோப்பிலும் கிடையாது. அவர்களை உடன் வைத்துக்கொண்டு அளவெடுக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்களைத் தேடி அழைத்து வரும் பொறுப்பைச் சங்கம் ஏற்கிறது. தோண்டுபவரும் அடியில் கேபிள் வைத்திருப்பவரும் முன்கூட்டியே தகவல் பரிமாறிக்கொள்ள மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. ஒப்பந்ததாரர் அதைப் பயன்படுத்துவதை டெண்டர் நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

அடுத்தது சாலையின் உயரம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்படுவது இதுதான். பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பெருமழையில் தெருத் தண்ணீர் நடையைத் தாண்டி உள்ளே வருகிறது. வசதி உள்ளவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் சிமென்ட் வரப்புக் கட்டுகிறார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அன்றைய தலைமைச் செயலாளர் 2021 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறார். அந்த அறிவுறுத்தலை எங்கள் தெருக்களில் முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டின் வாசற்படி மட்டத்தையும் அளந்து, முடிந்த சாலை அதிலிருந்து எவ்வளவு கீழே இருக்கும் என்பதைச் சுவரில் வண்ணக் கோடாகப் போட்டுவிடுங்கள். பிறகு மட்டம் சரியா தவறா என்பதைப் பார்க்கப் பொறியாளர் வரவேண்டியதில்லை. வாசலில் நிற்கும் பாட்டியே சொல்லிவிடுவார். ஆள்நுழை குழிகளின் மூடியும் அதே மட்டத்தில் அமைய வேண்டும். மேடாக இருந்தால் வண்டி தட்டுகிறது, பள்ளமாக இருந்தால் மழைநீர் சாக்கடைக்குள் இறங்குகிறது.

மழைநீரும் கழிவுநீரும் பிரிய வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொல்லாங்குளத்துக்குப் போக வேண்டியது மழைநீர் மட்டுமே. கழிவுநீர் இணைப்புகளை வடிகாலில் விட்டிருக்கும் வீடுகளைக் கணக்கெடுத்து, பாதாள சாக்கடையில் இணைத்த பிறகே வடிகாலைக் குளத்துக்குத் திருப்ப வேண்டும். 2005 நவம்பரில் கோரையாறு பெருகியபோது நகரின் மேற்குப் பகுதிகள் நீரில் நின்றதைக் கண்டவர்கள் நாங்கள். வடிகாலின் அளவை ஒரு தெருவின் மழைக்கு மட்டும் கணக்கிடாமல், மேட்டுப் பகுதிகளிலிருந்து வந்து சேரும் நீரையும் சேர்த்துக் கணக்கிடுமாறு கேட்கிறோம்.

வேலை நடக்கும் காலம் குறித்து: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஜனவரிக்குப் பிறகு தொடங்கி, ஆழமான கழிவுநீர்க் குழாய்ப் பணியைச் செப்டம்பருக்குள் முடித்துப் பள்ளங்களை மூட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதிதாக எந்தத் தெருவும் தோண்டப்படக் கூடாது. ஒரு தெருவை முழுதாக மூடி நடமாட்டத்துக்கு விட்ட பிறகே அடுத்த தெருவைத் திறக்க வேண்டும். பத்துத் தெருக்களை ஒரே நேரத்தில் திறந்து போடுவது ஒப்பந்ததாரருக்கு வசதி. ஆம்புலன்ஸ் வர வேண்டிய வீட்டுக்கு அது ஆபத்து. பள்ளத்தை மூடும்போது மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்க வேண்டும். சாலை உள்வாங்குவதற்குப் பெரும்பாலும் இது செய்யப்படாததுதான் காரணம். பாறை தட்டினால், வெட்டும் அதிர்வால் சுவரில் விரிசல் விடக்கூடிய பழைய வீடுகளை முன்கூட்டியே படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

பள்ளத்தில் இறங்கும் தொழிலாளிகளும் எங்கள் கவலைக்கு உரியவர்கள். 2022 ஜூனில் மதுரை விளாங்குடியில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. மதிப்பீட்டிலேயே இதற்குத் தனித் தொகை காட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான் நடக்கும். பணி முடிந்த பிறகு அடைப்பு எடுக்க மனிதர் இறங்கும் நிலை வரவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013 முதல் இருக்கிறது. சாக்கடையில் உயிரிழக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இயந்திரம் வந்து நிற்க முடியாத சந்துகளில் எந்த வகை ஆள்நுழை குழி, எந்தச் சிறிய வண்டி என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும்.

இவற்றோடு சில சிறு கோரிக்கைகள்: குடிநீர் நிறுத்தப்படும் நாட்களில் லாரித் தண்ணீர் வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்குள். பிரதானக் குழாய் பதிக்கும்போதே வீட்டு இணைப்பும் எல்லைச் சுவர் வரை கொடுக்கப்பட வேண்டும். வைப்புத்தொகையைத் தவணையில் கட்ட அனுமதிக்க வேண்டும். செப்டிக் டேங்குகளை எப்படிச் சுத்தம் செய்து மூடுவது என்று ஒரு தாளிலாவது அச்சிட்டுத் தர வேண்டும். நாளை வரப்போகும் கேபிள்களுக்காக இப்போதே வெற்றுக் குழாய் பதித்துவிட வேண்டும். சாலை முடிந்த பின் ஐந்து ஆண்டுகளுக்கு அவசரம் தவிர வேறு எதற்கும் வெட்ட அனுமதி தரக் கூடாது. தெரு ஓர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்று இடம் காட்டாமல் அவர்களை அகற்றக் கூடாது.

பெங்களூருவில் ‘டெண்டர்ஷ்யூர்’ என்ற பெயரில் சில முக்கியச் சாலைகளை அடியிலிருந்து மேல்வரை ஒரே ஒப்பந்தத்தில் மாற்றியமைத்தார்கள். அதன் செலவைப் பற்றி அங்கேயே விமர்சனம் உண்டு. அந்த அகலமான நடைபாதைகளை எங்கள் சந்துகளுக்குக் கேட்கவில்லை. எல்லாத் துறைகளும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட்ட பிறகு தோண்டுவது என்ற முறையை மட்டும் கேட்கிறோம். அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஒரு மேசையும் சில கூட்டங்களும் போதும்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. டெண்டர் விடுவதற்கு முன், தெருவாரியான வரைபடங்களோடு மாநகராட்சிப் பொறியாளர்கள், மின்வாரிய அலுவலர்கள், தொலைத்தொடர்பு நிறுவனப் பிரதிநிதிகள் ஆகியோர் எங்கள் பகுதி சபையில் ஒரே நாளில் கலந்துகொள்ளுமாறு ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். ஒப்பந்தத் தொகை, கால அளவு, ஒப்பந்ததாரர் பழுதுக்குப் பொறுப்பேற்கும் காலம், பொறுப்புப் பொறியாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒவ்வொரு தெரு முனையிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பணி முடிந்ததும் உண்மையில் பதிக்கப்பட்டபடி வரைந்த படத்தின் ஒரு நகலைச் சங்கத்துக்கும் தர வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கான தேதியை எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
எடமலைப்பட்டி புதூர்.

நகல்: மாண்புமிகு மேயர் அவர்கள்; மாவட்ட ஆட்சியர் அவர்கள்; நகரப் பொறியாளர்; மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளர்; பகுதி மாமன்ற உறுப்பினர்.