நான்கரை மணி நேரத் தூரம்

பகேரியாவில் நண்பகல் 12 மணியாகும்போது பருத்தித்துறையில் மாலை 4.30 மணி. இது மாரிக்காலக் கணக்கு. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று இத்தாலியின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படுவதால், ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு வரை இவ்வேறுபாடு மூன்றரை மணியாகக் குறைந்திருக்கும்.

இதன் காரணத்தை எமது மாணவச் செல்வங்கள் அறிந்திருத்தல் நன்று. பூமி ஒரு பாகை சுழல்வதற்கு 4 நிமிடங்கள் ஆகின்றன. இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 67 பாகை உண்டு. பெருக்கிப் பார்த்தால் நாலரை மணிக்கு மிக அண்மையில் வரும். இங்கே ஆனி மாதத்துப் பகல் 15 மணி நேரத்தை நெருங்கும். மார்கழியிலோ ஒன்பதரை மணி நேரமே. பருத்தித்துறையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. ஆதலால் ஆண்டுதோறும் நேரத்தை மாற்றும் வழக்கம் அங்கில்லை. மின்பற்றாக்குறை காரணமாக 1996இல் இலங்கை தன் நேரத்தை மாற்றியது. 2006இல் பழைய நேரத்திற்கே திரும்பியது.

நேரத்தால் விலகி நிற்கும் இவ்வூர்கள் இயல்பால் அத்துணை விலகியவை அல்ல. பகேரியா, பலெர்மோப் பிரபுக்கள் மாளிகை அமைத்த ஊர். 1715இல் கட்டத் தொடங்கிய பலகோனியா மாளிகையின் விந்தைச் சிலைகளை 1787இல் ஜேர்மானியக் கவிஞர் கோதே வந்து கண்டார். ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1911இல் பிறந்ததும் இங்கேதான். ஆயினும் எமக்கு நெருக்கமானது இவ்வூரின் கடற்கரையான அஸ்பிராவே. அங்கு நெத்தலியை உப்பிட்டு அடுக்கிப் பதப்படுத்துவர். நெத்தலிக் கருவாட்டின் மணமறிந்த எம்மவர்க்கு அக்கரை அந்நியமாகுமோ?

பருத்தித்துறைக்கு வெளிச்சவீடும் வடையும் பெயர் தந்தன. அயலூரான வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்துறைமுகமோ சிசிலிய மீனவர் பலர் குடியேறி வாழ்ந்த இடம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த வரலாறு இரு கரையாருக்கும் உண்டு.

இத்தனை அருகிலுள்ள இரு கரைகளையும் எம் பிள்ளைகளுக்குத் தொலைவாக்குவது எது? நாம் தொலைபேசி எடுக்கும் நேரமே என்போம். வேலை முடிந்து இரவு 8 மணிக்கு நாம் ஓய்வடைகையில், மாரியில் ஊரில் நள்ளிரவு கடந்து 12.30. விடியற்காலையில் அழைத்தால் இங்கே பிள்ளைகள் உறக்கத்தில். ஆகவே பெரியவர்கள் பேசிக்கொள்கிறோம், பிள்ளைகளோ “சுகமா?” என்ற ஒரு சொல்லோடு விலகிவிடுகின்றனர்.

பாடசாலை விட்டு வந்து உணவருந்திய பின், பிற்பகல் 2 மணியை எண்ணிப் பாருங்கள். அப்போது ஊரில் மாரியில் 6.30, கோடையில் 5.30, விளக்கேற்றும் வேளை. அம்மம்மாவும் அப்பப்பாவும் ஆறுதலாக இருக்கும் பொழுது. கிழமையில் இரு நாட்களேனும் அவ்வேளையில் அரை மணி நேரம் பிள்ளைகளே அழைத்துப் பேசட்டும். வேலைக்குச் சென்ற பெற்றோர் உடனிருக்க வேண்டியதில்லை. மூத்த பிள்ளை இளையதற்குத் துணையாகட்டும். வீட்டுப்பாடம் கெடும் என அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவோம்: அஸ்பிராவின் வள்ளங்களைப் பற்றித் தமிழில் விவரித்துச் சொல்வதும் ஒரு பாடமே.

தமிழ் வகுப்பு கிழமைக்கு ஒருமுறைதான். எழுத்தையும் இலக்கணத்தையும் ஆசிரியர் கற்பிப்பார். உறவு சொல்லி அழைக்கவும், கேலி பேசவும், கதை கேட்கவும் வீட்டுப் பெரியவர்களே கற்பிக்க வல்லவர்கள். அவர்களோ முதுமையில் இருக்கின்றனர். மணிக்கூட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். அவர்களுடைய ஆண்டுகளை நகர்த்த எவராலும் இயலாது. வீட்டுச் சுவரில் ஊர் நேரம் காட்டும் மணிக்கூடு ஒன்றையும் இன்றே மாட்டுவோமாக.